தம்பிக்கு வயசாகட்டும்

மகனே, நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கறதுதான் முறை. உன் நலத்தை உன் கடுதாசியே சொல்லிடுச்சு. என் நலத்தை அந்தக் கடுதாசி கெடுத்துடுச்சு. நேத்து மத்தியானம் தபால்காரர் குடுத்துட்டுப் போனதுலேருந்து எனக்குச் சோறு எறங்கலை. திருச்சியில வீடு மாத்தினது, மருமகளுக்குப் பல்வலி வந்து போனது, எல்லாம் எழுதிட்டு, கடைசியில போற போக்குல நாலு வரி எழுதியிருக்கே பாரு, அந்த நாலு வரியைச் சொல்றேன். "கவிதாவுக்கு இந்த ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேர்க்கற வயசு ஆயிடுது. சின்னவனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அவனுக்கும் வயசாகட்டும், அடுத்த வருஷம் ரெண்டு பேரையும் சேர்த்தே போட்டுடலாம்னு இருக்கோம். ஒரே ரிக்‌ஷாவா முடிஞ்சுடும். பொம்பளைப் பிள்ளைதானே, ஒரு வருஷம் முன்ன பின்ன ஆனா என்ன?" இது உன் கையெழுத்துதான். வேற யாரோ எழுதினதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. என்ன ஆகும்னுதானே கேட்டிருக்கே? சொல்றேன். வேலையிருக்குன்னு பாதியில மடிச்சு வெச்சுடாதே, உக்காந்து முழுசாப் படி.

முதல்ல உன் பொறந்த நாளைப் பத்திச் சொல்லணும். வருஷா வருஷம் ஜூன் மாசத்துல ஆபீஸ்ல மிட்டாய் குடுக்கறியாமே, மருமக சொன்னா. நீ ஜூன்ல பொறக்கலைடா. ஜாதகம் சரியாத்தான் இருக்கு, உன் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தது அதை வெச்சுத்தான். சர்க்கார் காகிதத்துல இருக்கறதுதான் பொய். நீ பொறந்தது சித்திரையில. உங்க தாத்தாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, அந்த ஒரு மாசம்தான் எமன். "சித்திரை அப்பன் தெருவிலே"ன்னு ஒரு பழமொழி இருக்கு, கேட்டிருப்பே. சித்திரையில ஆண்பிள்ளை பொறந்தா அப்பன் சொத்து சுகம் இழந்து தெருவுல நிப்பானாம். "சித்திரையில பொறந்த சீர்கேடனும் இல்லை, ஐப்பசியில பொறந்த அதிர்ஷ்டசாலியும் இல்லை"ன்னு அதே வாயாலதான் இன்னொரு பழமொழியும் சொல்லுவாங்க. உங்க தாத்தாவுக்கு முதல் பழமொழி மட்டும்தான் காதுல ஏறும். எனக்கு இடுப்புவலி எடுத்தப்ப அவரு வாசல்ல நடந்துக்கிட்டே, "வைகாசி வரைக்கும் தாங்காதா, வைகாசி வரைக்கும் தாங்காதா"ன்னு மருத்துவச்சிகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவ என்ன பண்ணுவா பாவம். "நான் என்னங்க, கதவா சாத்தி வெக்க முடியும்?"னு கேட்டா.

நீ பொறந்தே. ஆண்பிள்ளை. ஊருக்கே சர்க்கரை குடுத்திருக்கணும். உங்க தாத்தா மருத்துவச்சி கையில ஒரு புடவையைக் குடுத்து, "பொறக்கலை, இன்னும் நாள் இருக்குன்னு சொல்லு"ன்னு அனுப்பிட்டாரு. அன்னிலேருந்து ஒரு மாசத்துக்கு மேல நீ பொறக்கவே இல்லை. காமிரா உள்ளுக்குள்ள, அதான் அந்த இருட்டு அறையில, உன்னையும் என்னையும் போட்டு வெச்சாங்க. கொல்லைப்பக்கம் போகணும்னா நான் வயித்துல பழந்துணியைச் சுத்திக்கிட்டுப் போகணும், எதிர் வீட்டுக்காரி பார்த்தா பிள்ளைத்தாச்சியாவே தெரியணும். பச்சை உடம்புடா. குனிய முடியாது, நிமிர முடியாது. அதுமேல துணியைச் சுத்திக்கிட்டு, "இன்னும் வலி எடுக்கலையா?"ன்னு கேக்கறவங்களுக்குப் பல்லைக் காட்டணும். நீ அழுதா, பூனை குட்டி போட்டிருக்குன்னு உங்க தாத்தா சொல்லுவாரு. உங்க அக்கா சரோஜாவுக்கு அப்ப ரெண்டரை வயசு. அவளும் அதை நம்பிக்கிட்டு, "எங்க வீட்டுப் பூனைக்கு முடி கறுப்பு"ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. உங்க அப்பா என்ன செஞ்சாருன்னு கேக்கறியா? உங்க அப்பா எப்பவும் செய்யறதைத்தான் செஞ்சாரு. மம்பட்டியை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனாரு.

ஜோசியர் வைகாசிக் கடைசியில ஒரு நல்ல நாள் பார்த்துக் குடுத்தாரு. அன்னிக்கு நீ ரெண்டாம் தடவை பொறந்தே. அப்ப நம்ம ஊர்ல பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எல்லைக்கு அந்தாண்ட இருக்கற ஊர்கள்ல பிள்ளை பொறந்தா எழுதி வெச்சாலும் உண்டு, இல்லாட்டியும் உண்டு. இங்க அப்படி இல்லை. பொறந்து மூணு நாளைக்குள்ள மேரி ஆபீசுக்குப் போய், அதான் அந்தக் காலத்து முனிசிபல் ஆபீஸ், ரெண்டு சாட்சியோட சொல்லியாகணும். உங்க தாத்தா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போய் "நேத்துப் பொறந்தான்"னு சொல்லிட்டு வந்தாரு. கறாரான சர்க்கார்னு பேரு. அவங்க எழுத்துல குத்தம் கண்டுபிடிக்க முடியாது, சொல்றவன் வாயில இருக்கற குத்தத்தை அவங்க என்ன செய்வாங்க? அதோட விட்டுதா? எனக்கு மறுபடி தீட்டு. பதினாறு நாள் புதுசா எண்ணி, மறுபடி மருந்து தின்னு, மறுபடி தலைமுழுகினேன். ஒரு பிள்ளைக்கு ரெண்டு தீட்டுக் காத்தவ இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். தீட்டுக் கழிக்கற புண்ணியதானத்துக்கு வந்தவங்க உன்னைத் தூக்கிப் பார்த்துட்டு, "என்னடி இது, பொறந்த பிள்ளைக்குத் தலை நிக்குது!"ன்னு வாயில கை வெச்சாங்க. "நம்ம குடும்பத்து வாகு"ன்னாரு உங்க தாத்தா.

இதைக் கேட்டு நீ சிரிப்பே. நானே சில நாள் நெனைச்சுச் சிரிச்சிருக்கேன். சிரிப்பு அதோட முடிஞ்சுது.

சரோஜா பொறந்தப்ப ஒரு தகராறும் இல்லை. பொம்பளைப் பிள்ளை எந்த மாசத்துல பொறந்தா யாருக்கு என்ன? மறுநாளே போய் உள்ள தேதியை உள்ளபடி எழுதிட்டு வந்துட்டாங்க. நம்ம வீட்டுல உண்மையான காகிதம் அவளோடது ஒண்ணுதான். அவளுக்கு அஞ்சு முடிஞ்சப்ப நான் பள்ளிக்கூடத்துப் பேச்சை எடுத்தேன். நான் காரைக்கால் டவுன்ல கன்னியாஸ்திரீகள்கிட்ட அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. சுரக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தப்ப இந்தத் தெருவுல கடுதாசி படிக்கத் தெரிஞ்ச பொம்பளை நான் ஒருத்திதான். என் பொண்ணு படிக்காம இருப்பாளான்னு எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. உங்க தாத்தா முடியாதுன்னு சொல்லலை. முடியாதுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். "வாய்க்கால் கரை மேல ஒரு மைல் தனியா நடந்து போகணும், பொட்டப்பிள்ளை. தம்பிக்கு வயசாகட்டும், ரெண்டும் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்"னாரு. நியாயமாத்தானே தோணுது? எனக்கும் தோணுச்சு. அவ ஆறு வயசுல காத்திருந்தா. ஏழு வயசுல காத்திருந்தா. உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டு, "எப்ப வளரப் போறே? எப்ப வளரப் போறே?"ன்னு உன் கன்னத்தைக் கிள்ளுவா. நீ வீல்னு கத்துவே, அவளுக்குத்தான் அடி விழும்.

பிரெஞ்சுக்காரன் போன மறு வருஷம் ஜூன் மாசம். பழைய வாத்தியார் போய் ஒரு புதுத் தலைமை ஆசிரியர் வந்திருந்தாரு. ஜூன் ஒண்ணாந் தேதிக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், ஒரு நாள் குறைஞ்சாலும் அடுத்த வருஷம்தான்னு சட்டம் பேசற மனுஷன். உனக்கு அஞ்சு முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும், பெத்தவ நான். காகிதத்துப்படி இன்னும் சில நாள் பாக்கி. அது அந்த வீட்டுல யாருக்கும் அதுவரைக்கும் உறைக்கலை. ரெண்டு பேருக்கும் எண்ணெய் தேய்ச்சுத் தலைமுழுக்காட்டி, ஆளுக்கொரு சிலேட்டு வாங்கிக் குடுத்து, உங்க தாத்தா முன்னாடி நடக்க, நான் பின்னாடி வந்தேன். சரோஜா சிலேட்டை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம நடந்தா. எப்பவும் தொணதொணன்னு பேசறவ. அவ்வளவு பயம், அவ்வளவு சந்தோஷம்.

பள்ளிக்கூடத்துல நமக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாரு, எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து புதுசாக் குடிவந்தவர். அவர் பிள்ளைக்குக் காகிதமே கிடையாது. தலைமை ஆசிரியர் அந்தப் பையனை வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொன்னாரு. தொட்டான். "அஞ்சு ஆயிடுச்சு"ன்னு ஏதோ ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கிட்டாரு. அடுத்தது நீ. யாரும் சொல்லாமலே கையைத் தலைக்கு மேல போட்டு, காதைத் தொட்டு, காதை மடக்கியே காட்டினே. அந்தப் பையனை விட நீ அரைச்சாண் உசரம். அவரு உன்னைப் பார்க்கவே இல்லை, காகிதத்தைப் பார்த்தாரு. "இவனுக்கு வயசு பத்தலைங்க. அடுத்த வருஷம் கொண்டாங்க"ன்னாரு.

"அந்தப் பையன் காதைத் தொட்டான்னு சேர்த்தீங்களே, இவனும் தொடறானே"ன்னாரு உங்க தாத்தா.

"காகிதம் இல்லாதவனுக்குத்தாங்க காது. உங்களுக்குத்தான் முத்திரை போட்ட காகிதம் இருக்கே. அதை மீறி நான் எழுதினா என் வேலை போயிடும்."

காகிதம் இல்லாம இருந்திருந்தா உனக்கு இடம் கெடைச்சிருக்கும். உங்க தாத்தா சொன்ன பொய்யை அரசாங்கம் பத்திரமா எடுத்து வெச்சிருந்து திருப்பிக் குடுத்துச்சு. நான் வெளிய தூணோரமா நின்னுக்கிட்டு இருந்தேன். மாமனார் எதிர்ல வாய் திறந்து பழக்கமில்லாதவ. எங்கேருந்து வந்துச்சோ தைரியம், "சார், அவன் சித்திரையில பொறந்தவன் சார்! நான்தான் பெத்தேன்! காகிதத்துல இருக்கறது தப்பு!"ன்னு கத்திட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "பெரியவரே, உங்க மருமக சொல்றது நெசமா? நெசம்னா நீங்க சர்க்கார்கிட்டப் பொய் சொன்னதா ஆகும்"னாரு. உங்க தாத்தா என்னைப் பார்க்கவே இல்லை. "அதுக்குப் பிரசவத்துலேருந்தே புத்தி சரியில்லைங்க. காகிதத்துல இருக்கறதுதான் சரி"ன்னாரு. பேரப்பிள்ளைக்கு ஒரு வருஷப் படிப்பு வீணாப் போனாலும் பரவாயில்லை, வாய் தவறிக்கூட சித்திரைன்னு ஒத்துக்க மாட்டாரு.

தலைமை ஆசிரியர் நல்ல மனுஷன்தான். உன் காகிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டு, அடுத்த காகிதத்தை எடுத்துப் பார்த்து, "பொண்ணுக்கு வயசு தாராளமா இருக்கே. ரெண்டு வருஷம் லேட்டு. இன்னிக்கே பேரை எழுதிக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. பேனாவைக்கூடத் தொட்டுட்டாரு. சரோஜா ஒரு அடி முன்னாடி போனா. அந்த ஒரு அடியை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்க தாத்தா அவ தோளைப் பிடிச்சு இழுத்து, "வேணாங்க. தம்பி வரும்போது வரட்டும்"னாரு. அவ்வளவுதான். பேனா கீழே போயிடுச்சு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. தலைமை ஆசிரியர் பேசின சட்டத்துக்கும் அவளுக்கும் ஒரு விரோதமும் இல்லைடா. அன்னிக்கு அந்த வரிசையில நின்ன பிள்ளைகள்லயே எல்லாம் சரியா இருந்தது அவளுக்குத்தான். உனக்கு வயசு பத்தலைங்கறதுக்காக அவ வீட்டுக்கு வந்தா.

அன்னிக்கு ராத்திரி உங்க அப்பா என்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. "ஊர் முன்னாடி அந்த மாசத்துப் பேரைச் சொல்லிட்டியே." நாத்துக் கருகினாலும் மாடு சினை பிடிக்கலைன்னாலும் அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் காரணம் நான் கத்தின கத்துதான். உங்க அப்பா தெருவுக்கு வந்தாரா? கடைசி வரைக்கும் கால்மேல கால் போட்டுச் சாப்பிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாரு. உங்க தாத்தாவும் அப்படித்தான். மறு வருஷம் உன்னைச் சேர்த்தப்ப எனக்கு உன் தங்கச்சி கைக்குழந்தை. நடவு நேரம் வேற. "குழந்தையை யாரு பார்ப்பா? இந்த ஒரு வருஷம் போகட்டும்"னாங்க. வாய்க்கால் கரை மேல அப்ப நீ தனியாத்தான் போனே, ஒரு பூதமும் உன்னைப் பிடிக்கலை. சரோஜா தங்கச்சியை இடுப்புல வெச்சுக்கிட்டுத் தெருவுல நின்னு நீ போறதைப் பார்த்துக்கிட்டு இருப்பா. முதல் மாசமே உன் சிலேட்டை உடைச்சுட்டே. "அவளோடது சும்மாத்தானே கெடக்கு"ன்னு எடுத்து உன்கிட்டக் குடுத்தாங்க. நான்தான் குடுத்தேன், வேற யாரு.

அதுக்கு அடுத்த வருஷம் நானே அவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன், யாரையும் கேக்கலை. அதே தலைமை ஆசிரியர். ஒன்பது முடிஞ்ச பொண்ணைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பார்த்துட்டு, "ஒண்ணாம் வகுப்புல போட இப்ப வயசு மீறிடுச்சேம்மா"ன்னாரு. கேட்டியா? உனக்கு வயசு பத்தலை, அவளுக்கு வயசு மீறிடுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரு மேசையைக் கவுத்திருப்பேன். மனுஷன் வழி சொன்னாரு. "வீட்டுல எழுத்துச் சொல்லிக் குடுங்க. படிச்சுக் காட்டினா மூணாவதுல உக்கார வெக்கறேன்." வெளக்கு ஏத்தினதும் அடுப்படியில உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். கெட்டிக்காரி, உன்னை விடக் கெட்டிக்காரி, மனசுல வெச்சுக்க. ஆனா நாலு எழுத்து எழுதறதுக்குள்ள குழந்தை அழும், மாடு கத்தும், உங்க தாத்தா வெந்நீர் கேப்பாரு. அரைகுறையாத்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். ரெண்டாவது பாடப் புத்தகத்தைக் குடுத்துப் படிக்கச் சொன்னாரு. எழுத்தெழுத்தாக் கூட்டிக் கூட்டிப் படிச்சா. ஜன்னல் பக்கத்துல உன் வகுப்பு. பிள்ளைங்க எட்டிப் பார்த்துச் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சேடா. உனக்கு ஏழு வயசு, மத்தவன் சிரிச்சான், நீயும் சிரிச்சே, உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. அவ புத்தகத்தை மூடி மேசை மேல வெச்சுட்டு, "போகலாம்மா"ன்னா. அதுக்கப்புறம் கட்டி வெச்சு அடிச்சாலும் அந்தப் பக்கம் போகலை. உன் தங்கச்சி அஞ்சு வயசுலயே பள்ளிக்கூடத்துல சேர்ந்தா, ஒருத்தரும் தடுக்கலை. அப்ப யாருக்கும் அது பெரிசாத் தோணலை.

"அக்கா நல்லாத்தானே இருக்கா, மாப்பிள்ளை தங்கமான மனுஷன்"னு சொல்லுவே. தங்கம்தான். போன வருஷம் அவங்க ஊர் பால்வாடியில ஆயா வேலைக்கு ஆள் எடுத்தாங்க. வீட்டுக்கு எதிர்லயே பால்வாடி. அந்தப் பிள்ளைங்களுக்கு மூக்குத் தொடைச்சு விடறதே இவதான். அஞ்சாவது படிச்சிருக்கணும்னு சொல்லி, எங்கேருந்தோ வந்த ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னா மருந்து பாட்டிலைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடறா, எத்தனை வேளைன்னு கேக்க. தன் பேரை மட்டும் எழுதுவா. அந்த மூணெழுத்து நான் சொல்லிக் குடுத்தது. எனக்கு இதெல்லாம் வயித்தெரிச்சல். ஆறலை. ஆறாது.

நீ உங்க தாத்தா மாதிரி மூடநம்பிக்கைக்காரன் இல்லைன்னு எனக்குத் தெரியும். ராகுகாலம் பார்க்க மாட்டே, சித்திரை பார்க்க மாட்டே. அதனாலதான் எனக்கு இன்னும் கோவம். அவரு பயத்துல செஞ்சாரு. நீ ரிக்‌ஷாவுக்காகச் செய்யறே. பொம்பளைப் பிள்ளையை யாரும் வேணும்னு கெடுக்கறதில்லைடா. "கொஞ்சம் இரும்மா"ன்னுதான் சொல்றாங்க. கொஞ்சம் இருந்து இருந்தே அவளுக்கு வயசு போயிடுது. அக்கா தம்பி சேர்ந்து போறது அழகுதான், ஆனா அவ காலை இவன் காலோட கட்டிப் போடாதே. அவனுக்கு ஒரு காய்ச்சல் வரும், ஒரு நாள் வயசு குறையும், அப்ப விழறது ரெண்டு பேரும்.

நேத்து உன் கடுதாசி வந்தப்ப சரோஜா இங்கதான் இருந்தா, நெல்லுப் புடைச்சுக் குடுக்க வந்தவ. தம்பி கடுதாசின்னதும் முறத்தைப் போட்டுட்டு ஓடி வந்து உக்காந்துட்டா. நான் சத்தமாப் படிச்சுக்கிட்டே வந்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திட்டேன். "ஏன் நிறுத்திட்டே? படி"ன்னா. ஒண்ணுமில்லைடி, அவ்வளவுதான்னேன். "இல்லை, கீழே இன்னும் எழுத்து இருக்கு. எழுத்து இருக்கறதாவது எனக்குத் தெரியாதா? படி"ன்னா. படிச்சேன். அப்புறம், "அடுத்த வருஷம் சின்னவனுக்கும் வயசு பத்தலைன்னு சொல்லிட்டா?"ன்னு கேட்டா. நான் அழுதேன், அவ அழலை. உன்னைத் திட்டக்கூட இல்லை. புடைச்ச நெல்லை மூட்டையில கட்டி வெச்சுட்டு, "பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முந்தின நாள் நான் திருச்சிக்குப் போறேன்"னு சொன்னா.

வர்றா. எந்த பஸ் எங்க போகுதுன்னு போர்டு படிக்கத் தெரியாது, கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்துடுவா. மறுநாள் காலையில கவிதா கையைப் பிடிச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவா. ரிக்‌ஷா வேணாம். நீ லீவு போட வேணாம். கவிதாவோட பொறந்த தேதிக் காகிதத்தை மட்டும் எடுத்து உங்க அக்கா கையில குடு. குடுக்கறப்ப, அதுல என்ன எழுதியிருக்குன்னு உன் வாயால ஒரு தடவை அவளுக்குப் படிச்சுச் சொல்லிடு. அவளுக்குப் படிக்க வராது.